மூக்குத் தண்டு அறுவையும் ஐந்தாம் நாள் தீர்ப்பும்

மூக்கின் இரு துளைகளையும் பிரிக்கும் இடைச்சுவர், அதாவது மூக்குத் தண்டு, முன்பக்கம் குருத்தெலும்பாலும் பின்பக்கம் மெல்லிய எலும்புத் தகடுகளாலும் ஆனது. அது நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பவர்கள் குறைவு. வளைவு மூச்சை அடைக்கும் அளவுக்குப் போனால்தான் அறுவைக்கு வேலை. துளைக்குள்ளேயே சிறு கீறல் போட்டு, சவ்வைப் பிரித்துத் தூக்கி, கோணிய பகுதியைச் செதுக்கியோ நிமிர்த்தியோ, சவ்வை மறுபடி அதன்மேல் படிய வைத்துத் தைப்பதற்குச் செப்டோபிளாஸ்டி என்று பெயர். வெளியே தழும்பு இருக்காது.

வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஷூ கம்பெனிகளிலும் டேனரிகளிலும் இந்த அறுவையைப் பற்றிய பேச்சு ஏறத்தாழ ஒரே மாதிரிதான். பஞ்சை உருவும்போது உயிர் போய்விடும், மூக்கு சப்பையாகிவிடும், எடுத்தாலும் திரும்ப வளரும், தோல் வேலைக்காரருக்கு மூக்குப் புண் ஆறவே ஆறாது, ஆகவே காசும் லீவும் வீண். இவற்றில் எதுவும் வெறும் கற்பனை அல்ல. ஆனால் ஒன்று பழைய அறுவையின் கதை, இன்னொன்று வேறு நோயின் கதை, மற்றொன்று வேறு தொழிலின் கதை. எல்லாம் சேர்ந்து இந்த அறுவையின் தலையில் விழுந்திருக்கின்றன.

பஞ்சில் தொடங்கலாம். இரத்தம் நிற்கவும் சவ்வு ஒட்டவும் மூக்கு நிறைய மருந்து தடவிய துணிநாடாவைத் திணித்து, ஓரிரு நாள் கழித்து உருவுவது முன்பு வழக்கம். காய்ந்த துணி சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். உருவும்போது கண்ணில் நீர் கொட்டும். அந்த வேதனையை அனுபவித்தவர் சொன்னதைப் பொய் என்று தள்ள முடியாது. இப்போது பல இடங்களில் சவ்வின் இரு பக்கத்தையும் கரையும் நூலால் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள், அடைப்பே வைப்பதில்லை. வைத்தாலும் அது பெரும்பாலும் ஈரத்தில் உப்பும் பஞ்சுக் கட்டை. நனைத்து, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். சிலருக்கு இடைச்சுவரின் இரு பக்கமும் சிலிக்கோன் தகடு வைத்துத் தைப்பதுண்டு. ஒரு வாரம் கழித்துத் தையலை வெட்டினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எது வைக்கப்போகிறார்கள் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் சில நாட்களில் வாட்டுவது வலியைவிட அடைப்புதான். மூக்கு முழுக்க அடைத்த கடும் சளி பிடித்ததுபோல் இருக்கும். வாயால் மூச்சு விடுவதால் நாக்கு காயும். எச்சில் விழுங்கினால் காது அடைக்கும். மூக்கடியில் கட்டிய துணியில் இளஞ்சிவப்பு நீர் கசிவதும், தொண்டையில் பழைய இரத்தம் இறங்குவதும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இயல்பு. மேல் முன்பற்கள் மரத்துப்போனதாகச் சிலர் பயப்படுவார்கள். இடைச்சுவரின் அடியில் போகும் நரம்பு அசைந்ததால் வருவது அது. வாரங்களில், சிலருக்கு மாதங்களில், தெளியும்.

சப்பை மூக்கு என்ற பயம் இன்னும் பழையது. 1902-ல் சிகாகோவின் ஃப்ரீயரும் 1904-ல் ஜெர்மனியின் கிலியனும் முறைப்படுத்திய அறுவையில் குருத்தெலும்பின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். முதுகிலும் முனையிலும் ஒரு சென்டிமீட்டர் பட்டை மட்டும் தாங்கி நிற்கும். அந்தப் பட்டை தளர்ந்தால் மூக்கின் முதுகு சேணம்போல் குழிந்துவிடும். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் காட்டில் (Cottle) என்ற மருத்துவரைப் போன்றவர்கள், கூடியமட்டும் வெட்டாமல் நிமிர்த்தும் முறையை முன்னெடுத்தார்கள். இன்று அந்தக் குழிவு அரிது. அறவே வராது என்று எழுதிக்கொடுக்க எந்த மருத்துவராலும் முடியாது என்பதும் உண்மை.

‘திரும்ப வளரும்’ என்பது பெயர்க் குழப்பத்தில் பிறந்தது. இந்தப் பக்கத்தில் மூக்கடைப்பு எதுவானாலும் ‘மூக்குல சதை’ அல்லது ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்ற இரண்டு பெயர்களில் அடங்கிவிடும். திராட்சைக் குலைபோல் தொங்கும் பாலிப் என்ற சதை ஒவ்வாமையோடும் சைனஸ் அழற்சியோடும் தொடர்புடையது. எடுத்தாலும் திரும்ப வருவது அதன் குணம். இடைச்சுவர் அப்படி வளர்வதில்லை. குருத்தெலும்புக்குப் பழைய வளைவின் நினைவு கொஞ்சம் இருப்பதால் சிலருக்கு ஓரளவு மீண்டும் சாயலாம். சிலருக்கு இரண்டாம் அறுவையும் தேவைப்படலாம். ஆனால் காலையில் இருபது தும்மல் போடுபவருக்குத் தண்டை நிமிர்த்தியதால் தும்மல் நிற்காது. தோலைத் தேய்க்கும் பஃபிங் தூசியில் மூக்குச் சவ்வு வீங்குபவருக்கு ஸ்பிரே தொடர்ந்து வேண்டியிருக்கும். குறட்டையும் தலைவலியும் பறந்துவிடும் என்று வாக்குறுதி கொடுப்பவர்களும், ஒன்றுமே ஆகாது என்று சொல்பவர்களும் ஒரே தவற்றைத்தான் இரு முனையிலிருந்து செய்கிறார்கள்.

பயன் உண்டா என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. நெதர்லாந்தில் 203 பேரிடம் நடந்த ஆய்வு 2019-ல் லான்செட் இதழில் வந்தது. பிரிட்டனின் 17 மருத்துவமனைகளில் 378 பேரைச் சேர்த்த ஆய்வு 2023-ல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. பிரிட்டன் ஆய்வில் ஒரு பிரிவுக்கு அறுவை, மறு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீரும். ஆறு மாதம் கழித்து, 110 வரை போகும் தொல்லை அளவுகோலில் அறுவை செய்தவர்களின் சராசரி 19.9, மற்றவர்களுடையது 39.5. குறைந்தால் நல்லது என்பது அந்த அளவுகோலின் கணக்கு. அளந்தது ஆறாம் மாதத்தில் என்பதுதான் இங்கே முக்கியம். ஊர்ப்பேச்சோ ஐந்தாம் நாளிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

தோல் வேலைக்கும் மூக்குத் தண்டுக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் குழப்பம் மிக அதிகம். டேனரிக் காற்றால் தண்டு வளையும் என்பது ஒரு நம்பிக்கை. வளைவு பிறப்பிலோ, வளரும் வயதிலோ, சிறுவயதில் மூக்கில் பட்ட அடியிலோ வருவது. காற்று எலும்பை வளைக்காது. குரோமியம் செய்வது வேறு: ஓட்டை போடும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் தூசியும் ஆவியும் இடைச்சுவரின் முன்பகுதியில் படிந்து சவ்வைப் புண்ணாக்கி, அடியிலுள்ள குருத்தெலும்புக்குப் போகும் இரத்தத்தை அறுத்துவிடும். பெரிதாக வலிக்காது. பொருக்கும், அவ்வப்போது இரத்தமும், மூச்சு விடும்போது ஒரு விசில் சத்தமும்தான் அடையாளம். டைகுரோமேட் தயாரிக்கும் ஆலைகளிலும் குரோம் முலாம் பூசும் பட்டறைகளிலும் இது நெடுங்காலமாக அறியப்பட்ட தொழில்நோய்.

டேனரி டிரம்மில் இன்று போடுவது பேசிக் குரோமியம் சல்பேட். அது மூன்று இணைதிறன் வகை. அந்த ஓட்டையைப் போடுவதில்லை. 1884-ல் நியூயார்க்கில் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற இரட்டைத் தொட்டி முறையில் தோலை நேராக டைகுரோமேட்டில் ஊறவைத்தார்கள். ஆபத்து அங்கே இருந்தது. தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதியிலேயே டைகுரோமேட் செய்த இடம் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை. தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் 1970-களின் நடுவிலிருந்து 1990-களின் நடு வரை இயங்கி, இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை அங்கேயே குவித்துவிட்டுப் போனது. ‘ஆறாத மூக்கு’ என்ற பேச்சு பொருந்துவது இத்தகைய ஆலைகளின் வேலைக்கு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டவர்களுக்கோ, ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண்களுக்கோ அது பொருந்தாது. குரோமேட்டிலோ முலாம் பட்டறையிலோ முன்பு வேலை பார்த்தவர் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். புண்ணோ ஓட்டையோ ஏற்கெனவே இருந்தால் அறுவையின் திட்டமே மாறும்.

எல்லா வேலைக்கும் ஒரே லீவுக் கணக்கு சொல்வதும் சரியல்ல. உட்கார்ந்து தைப்பவர் ஒரு வாரம் பத்து நாளில் போகலாம். ஈரத்தோல் தூக்குபவர், டிரம்மில் ஏற்றி இறக்குபவர் இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். மூச்சை அடக்கி எடை தூக்கினால் மூக்கில் இரத்த அழுத்தம் ஏறும். பஃபிங் தூசியும் ஒட்டும் பசையின் நெடியும் ஆறாத சவ்வை எரிக்கும் என்பதால் அந்தப் பிரிவுகளுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவதே நல்லது. வீக்கம் வடியும்வரை மோப்பம் மந்தமாக இருக்கும். கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் போகிறவர் இதை மறக்கக் கூடாது. தொட்டியில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் நல்ல மூக்கின் மோப்பத்தையே மரக்கடித்துவிடும். வாசனையை நம்பி இறங்குவது எந்த நாளிலும் தப்பு.

கூலி போகுமே என்ற கவலை நியாயமானது, ஆனால் முழுக்கச் சரியல்ல. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவருக்கு, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கட்டியிருந்தால், மருத்துவச் சான்றின்பேரில் கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை. வீட்டில் துண்டுக்கூலிக்கு மேல்தோல் பின்னுகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கவலை அவர்களுக்குத்தான் முழு எடையோடு நிற்கிறது.

வீட்டுப் பத்தியம் பற்றிய பேச்சில் பாதி தேவையற்றது. மாதக்கணக்கில் பிரியாணியை விடச் சொல்ல மருத்துவக் காரணம் இல்லை. முதல் சில நாள் கொதிக்கக் கொதிக்க உண்ணாமல் இருந்தால் போதும். பீடியும் மூக்குப்பொடியும்தான் உண்மையான பத்தியம். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். தொழுபவர் முதல் வாரம் சஜ்தாவில் தலையைத் தாழ்த்தாமல் உட்கார்ந்தே தொழலாம். நோயாளிக்கு மார்க்கத்தில் அந்தச் சலுகை உண்டு. தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது மூக்குக்குள் தண்ணீரை உறிஞ்சி இழுப்பதும் அதுவரை வேண்டாம். பொருக்கை நகத்தால் பிய்ப்பதற்குப் பதில் உப்புநீர் விட வேண்டும்: அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. பாலாற்றுப் பகுதியின் போர்வெல் தண்ணீர் இதற்கு ஆகாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கரைந்திருக்கும் உப்பும் உலோகமும் போகாது. குடிக்கும் தண்ணீரையே காய்ச்ச வேண்டும். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் பொருக்கு சீக்கிரம் காயும். அப்போது நாளுக்கு நாலைந்து முறைகூட விடலாம்.

எல்லாவற்றுக்கும் ‘ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான்’ என்று சும்மா இருப்பதும் இந்தப் பேச்சின் இன்னொரு பக்கம். வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடி, இரு துளையும் இறுக அடைத்தால் சவ்வுக்கு அடியில் இரத்தம் கட்டியிருக்கலாம். அன்றே திறந்து வடிக்காவிட்டால் குருத்தெலும்பு கரைந்துவிடும். நிற்காத இரத்தம், மூக்கில் வைத்த பஞ்சு இருக்கும்போது கடும் காய்ச்சலோடு வாந்தியோ தடிப்போ, குனிந்தால் ஒரே துளையில் தண்ணீர்போல் ஒழுகுவது ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. ஐந்து முதல் பத்து நாளுக்குள் பொருக்கு உதிரும்போது திடீரென இரத்தம் வருவதுண்டு. முன்னால் குனிந்து மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்தும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லாவிட்டால் முதல் வாரம் அடைப்பு, மூன்றாம் நான்காம் வாரம் வரை பொருக்கு, இரண்டாம் மாதத்தில் நல்ல மூச்சு. சவ்வின் வீக்கம் முழுவதும் வடிந்து, குருத்தெலும்பு நிலைகொள்ள மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.