இயந்திரம் வாங்கிக் கொடுக்க முதல் கடன் கொப்பியைப் பாருங்கள்

ஊருக்கு உதவி என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பொருள்தான். பள்ளிக்கூடத்துக்குக் கணினி, கோயிலுக்கு மணி, கடற்றொழிலாளருக்குப் படகு, வலை, இயந்திரம். படம் எடுத்து முகநூலில் போட்டால் கொடுத்தவருக்கும் சந்தோசம், வாங்கியவருக்கும் சந்தோசம். இதை நான் பழிக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் போர் முடிந்து மீள்குடியேறியபோதும், எல்லாவற்றையும் இழந்து கரையில் நின்றவர்களுக்குப் படகுதான் தேவைப்பட்டது. ஆனால் இன்று யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் சிறு படகில் தொழில் செய்கிற பலரின் பிரச்சினை வேறு: அவர்களுக்குக் கடன் கொடுப்பவரும் அவர்களின் மீனை வாங்குபவரும் ஒரே ஆள்.

அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி தீவகத்தில் நண்டு வலை போடுகிறார். போன முறை ஊருக்குப் போனபோது, முதலாளியிடம் வாங்கிய முற்பணத்துக்கு எவ்வளவு வட்டி என்று கேட்டேன். “வட்டி ஒண்டும் இல்லை மருமோன்” என்றார். உண்மைதான், கொப்பியில் வட்டி என்று ஒரு வரிகூட இல்லை. பிடிக்கிற நண்டு முழுவதையும் அந்த முதலாளிக்கே கொடுக்க வேண்டும், விலையை அவர்தான் சொல்வார் என்பது மட்டுமே நிபந்தனை.

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். முற்பணம் 2 லட்சம் ரூபா என்று வையுங்கள். வெளியில் கிலோ 1,500 ரூபாவுக்குப் போகக்கூடிய நண்டை 1,300க்குக் கொடுக்கிறார். நாளுக்கு 8 கிலோ, மாதத்தில் 20 நாள் தொழில். மாதம் 32,000 ரூபா கையை விட்டுப் போகிறது. அதாவது மாதத்துக்கு 16 வீதம். அவ்வளவு போயும் முதலில் ஒரு சதம்கூடக் குறையவில்லை. லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இப்படி ஒரு கடனட்டையை யாராவது உங்களிடம் நீட்டினால் வாங்குவீர்களா?

இதற்காக முதலாளியை வில்லனாக்கிவிட வேண்டாம். இயந்திரம் பழுதானால் இரவு பத்து மணிக்கும் காசு தருபவர் அவர். வங்கி காணி உறுதி கேட்கும், சம்பளக்காரர் இருவரைப் பிணை கேட்கும். இவர் எதுவும் கேட்பதில்லை. ஐஸ் அவருடையது, கூலர் வண்டி அவருடையது, நண்டுச் சதையைப் பதப்படுத்தி அமெரிக்காவுக்கு அனுப்புகிற தொழிற்சாலையோடு தொடர்பும் அவருடையது. அவர் செய்கிற வேலையைச் செய்ய வேறு யாரும் இல்லாதவரை அவரைத் திட்டி ஒரு பிரயோசனமும் இல்லை.

கடன் கூடுவதற்குக் காரணங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகள் இரவில் வலையை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. (இருபக்கமும் தமிழர் என்பதால் நம் மேடைகளில் இதைப் பேசக் கூச்சப்படுகிறோம்.) 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. சிறு படகுகளின் இயந்திரம் ஓடுவதே மண்ணெண்ணெயில்தான். வலை போனாலும் எண்ணெய் விலை ஏறினாலும், அடுத்த நாள் போய் நிற்பது அதே முதலாளியின் வாசலில்.

என்னைப்போல் கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். “ஒரு அப் செய்வோம், விலையைத் தொலைபேசியில் காட்டுவோம்.” இதற்கு எல்லோரும் காட்டுவது கேரளத்து உதாரணம். கைத்தொலைபேசி வந்த பிறகு அங்கே மத்தி பிடிப்பவர்கள் கடலில் இருந்தபடியே விலை விசாரித்து நல்ல சந்தைக்குப் படகைத் திருப்பினார்கள், அவர்களின் இலாபம் ஏறத்தாழ 8 வீதம் கூடியது என்று ரொபேட் ஜென்சன் 2007இல் எழுதினார். நல்ல ஆய்வு. ஆனால் படகைத் திருப்பும் சுதந்திரம் இருப்பவருக்குத்தான் விலைத் தகவல் உதவும். முற்பணம் வாங்கிய மாமாவுக்குப் பக்கத்துக் கரையில் விலை கூட என்று தெரிந்தால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

அதே கேரளத்தில், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து மரியநாடு என்ற கிராமத்தில், இதைவிட முக்கியமான ஒன்று நடந்தது. மீனவர்கள் சங்கம் அமைத்து, கடற்கரை ஏலத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். சங்கம் கடன் எடுத்துக் கொடுக்கும். மீன் விற்கிற ஒவ்வொரு நாளும் விற்ற காசில் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் கழியும். மீன் கூடப் பட்டால் கூடக் கட்டுப்படும், படாத நாளில் கட்டத் தேவையில்லை. மாதம் முதலாம் திகதி தவணை கேட்கிற வங்கிக்கு விளங்காத விசயம் இது. இப்படியான கிராமச் சங்கங்கள் சேர்ந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதற்குச் சங்கங்கள் உண்டு. படகு கட்டுவது, இயந்திரம் திருத்துவது எல்லாம் பிறகு வந்தவை. முதலில் கைப்பற்றியது ஏலத்தை.

வடக்கில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் சமாசங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. பல இடங்களில் இல்லாதது சுழல் நிதியும் ஐசும். நண்டு வெயிலில் காத்திருக்காது. ஐஸ் இல்லாதவர் இன்னொரு வியாபாரி வரும்வரை பொறுக்க முடியாது, முதலில் வந்தவர் சொன்ன விலைதான். புலம்பெயர்ந்த நமக்குச் சுழல் நிதி புதிதும் இல்லை. நம் அம்மாமார் சீட்டுப் பிடித்துத்தானே இங்கே வீட்டுக்கு முற்பணம் கட்டினார்கள்?

சங்கத்தில் கட்சி அரசியல் இருக்கிறது, கணக்கு ஒழுங்கில்லை என்று எங்கள் ஊர்ச் சங்கத்தின் இணையவழிக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நியாயமான பயம். அதற்குத்தான் என் தொழில் உதவும்: தராசில் நிறுத்த நிறை, விலை, கழித்த தொகை, மீதிக் கடன் எல்லாம் அன்றைக்கே தமிழில் குறுஞ்செய்தியாக அவரவர் கையில் போய்விட வேண்டும். அதை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வருடம் 10 இயந்திரம் வாங்கச் சேர்த்த காசை ஒரு கரையில் ஐஸ் பெட்டிகளுக்கும், 5 குடும்பங்களின் முற்பணத்தை அடைக்கும் கடனுக்கும் போடலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களில் இரண்டு பேர் வேண்டும். இரண்டு கிழமை, விடிய ஐந்து மணிக்குக் கரைக்குப் போய், யார் யாருக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்று கொப்பியில் எழுத வேண்டும். தமிழ் வாசிக்கத் தடுமாறினாலும் பரவாயில்லை, இலக்கம் எழுதத் தெரிந்தால் போதும்.