ஒப்பந்தம் காப்பாற்றப்படுவது ஒரு பக்க மனுவில்

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தை நாடே கவனித்தது. சங்கம் வந்து, ஒப்பந்தமும் வந்த பிறகு நடக்க வேண்டிய வேலையை யாரும் கவனிப்பதில்லை. ஒப்பந்தத்தில் உள்ளபடி நடக்கவில்லை என்று ஒரு தொழிலாளி தன் பெயரில் எழுதிக் கொடுக்கும் மனுவைத்தான் சொல்கிறேன். ஊதியப் பேச்சுவார்த்தைக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசிகூட நம் சங்கங்கள் இந்த மனுவுக்குக் காட்டுவதில்லை. இனி அந்த அலட்சியம் கட்டுப்படியாகாது.

காரணம், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குறைதீர்க் குழு இருந்தாக வேண்டும். அதில் இரு தரப்புக்கும் சம இடம். இப்படி ஒரு குழு, முன்பிருந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தத்திலேயே வந்துவிட்டது. இப்போதைய காலக்கெடுக்கள் இவை. பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். குழு 30 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால், தான் உறுப்பினராக உள்ள சங்கத்தின் வழியாக 60 நாளுக்குள் சமரச அதிகாரியிடம் போகலாம்.

அதிகம் பேசப்படாத ஒரு விதியும் இதே சட்டத்தில் இருக்கிறது. குழுவின் பெரும்பான்மை மட்டும் போதாது. தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்றால்தான் அது முடிவு. அதாவது, நிர்வாகம் தனியாக நினைத்து எந்த மனுவையும் குழுவில் தள்ளுபடி செய்துவிட முடியாது. நம்மவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் முடியும்.

ஒரு ஷிப்ட் முடித்தவரை, ஆள் வரவில்லை என்று அடுத்த ஷிப்டிலும் நிறுத்திவைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரட்டைச் சம்பளம் என்கிறது ஒப்பந்தம். சம்பளச் சீட்டில் ஒற்றைச் சம்பளம்தான் ஏறியிருக்கிறது. அவர் எழுதும் மனுவில் குடும்பக் கஷ்டம் இருக்கும், இத்தனை வருட உழைப்பு இருக்கும், சூப்பர்வைசரின் பாரபட்சம் இருக்கும், கடைசியில் தாயுள்ளத்தோடு பரிசீலிக்கக் கேட்டிருப்பார். எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எந்த ஷரத்து, எவ்வளவு பாக்கி என்பது மட்டும் இருக்காது. அவர் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால், சேர வேண்டிய பணத்தைச் சலுகையாகக் கேட்கும்போது, மறுக்கும் அதிகாரத்தையும் எச்.ஆர். அதிகாரியின் கையில் கொடுத்துவிடுகிறார்.

அதே மனு ஒரு பக்கத்தில் முடியும். இன்ன தேதி இரண்டாம் ஷிப்ட் முடிந்ததும் மூன்றாம் ஷிப்டிலும் 8 மணி நேரம் வேலை பார்த்தேன். நிறுத்தியவர் இன்னார். இன்ன ஷரத்துப்படி இரட்டைச் சம்பளம் சேர வேண்டும். மீதி இவ்வளவு ரூபாயை அடுத்த சம்பளத்தோடு தர வேண்டும். பஞ்சிங் பதிவு, சம்பளச் சீட்டு நகல்கள் இணைப்பு. அவ்வளவுதான். தொகையையும் ஷரத்தையும் குறிப்பிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய சட்டத்தின் 33சி(2) பிரிவின்கீழ் பணம் கேட்டுப் போனவர்களிடம், ஏற்கெனவே உள்ள உரிமையைத்தான் கணக்கிட்டுத் தர முடியும், புதிதாக ஒன்றை உண்டாக்கித் தர முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. மனுவை வாங்கியதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வரக் கூடாது; ஓராண்டுக் கெடுவுக்குச் சாட்சி அந்தக் கையெழுத்துதான்.

எந்த ஒப்பந்தம் என்பதும் முக்கியம். 12(3) ஒப்பந்தம், 18(1) ஒப்பந்தம் என்று நம் தொழிலாளர்கள் சொல்வது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். வேறுபாடு இன்றும் அப்படியே இருக்கிறது. சமரச அதிகாரி முன்னிலையில் ஏற்பட்ட ஒப்பந்தம் (12(3)) சங்கத்தில் சேராதவருக்கும் பின்னால் வேலைக்கு வந்தவருக்கும் பொருந்தும். நிர்வாகமும் சங்கமும் தமக்குள் பேசிப் போட்டது (18(1)) கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். ஒப்பந்தத்தில் ஏறாத பழைய வழக்கங்களுக்கும் பாதுகாப்பு உண்டு: வழக்கமாகத் தந்துவந்த சலுகையை எடுக்க 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆனால் அது வழக்கமாக இருந்தது என்பதை நாம் காட்ட வேண்டும். பழைய சுற்றறிக்கையும் நோட்டீஸ் போர்டு அறிவிப்பும் அப்போதுதான் கைகொடுக்கும். யார் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்?

இடமாறுதலில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். உத்தரவு ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டால், ஒப்பந்த மீறல் பற்றிய பேச்சு அடிபட்டுப்போய், கீழ்ப்படியாமைக்கான சார்ஜ் ஷீட் வந்து நிற்கும். உயிருக்கு ஆபத்தான வேலை என்றால் வேறு விஷயம். மற்றபடி ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்வதும், அங்கிருந்தே மனுவை நடத்துவதும்தான் புத்திசாலித்தனம்.

ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். அதே லைனில் நின்று அதே வேலை செய்தாலும், கான்ட்ராக்டரின் ஆளாகக் கணக்கிடப்படுபவருக்கு நிரந்தரத் தொழிலாளியின் ஒப்பந்தம் பெரும்பாலும் கைக்கு எட்டுவதில்லை. எவ்வளவு நன்றாக எழுதினாலும் மனு அந்தச் சுவரைத் தாண்டாது. அதைப் பேச்சுவார்த்தை மேசையில்தான் உடைக்க வேண்டும்.

சங்கங்கள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் கொடுக்கலாம். குறைதீர்க் குழுவுக்குப் போகிறவர்களை உட்காரவைத்து, ஷரத்து ஷரத்தாக வாசிக்கவைக்கலாம். வரும் மனுக்களுக்குச் சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கலாம்: தேதி, டிபார்ட்மென்ட், ஷரத்து, முடிவு. ஒரே ஷரத்தின்மேல் மனுக்கள் குவிகின்றன என்றால், மீறுகிறவர்கள் நுழைய அதன் வாசகத்திலேயே இடம் இருக்கிறது; அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கைப் பட்டியலில் அந்த வாசகத்தை மாற்றக் கேட்க வேண்டும்.