வண்டித் திரை இருண்டுவிட்டால்



முன்னாளில் வானொலிப் பெட்டி மட்டும் இருந்த காரின் முன்பலகையில் இன்று ஒரு திரை அமர்ந்திருக்கிறது. பாட்டு, செய்தி, வழிகாட்டும் வரைபடம், தொலைபேசி, பின்புறத்தைக் காட்டும் கேமரா ஆகிய யாவும் அதன் பொறுப்பாகிவிட்டன. எனவே அது ஒரு நாள் இருண்டு நின்றால் வீட்டார் கலங்குகின்றனர். "முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று எவரேனும் சொல்லிவிட்டால், பல்லாயிரம் ரூபாய்ச் செலவுக்கும் துணிந்துவிடுகின்றனர். அத்தனை விரைவில் அம்முடிவுக்கு வரலாமா?

1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டாரை உருவாக்கிய ஊர் நம் கோவை. மோட்டாரோடு பழகிய கொங்கு நாட்டு உழவர், தண்ணீர் வரவில்லை என்றவுடன் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே தூக்கிவிடுவாரா? மாட்டார். மும்முனை மின்சாரம் வந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். அடுத்து பியூஸ் கட்டை, அதன்பின் ஸ்டார்ட்டர், அதற்கும் பின் கேபிள். இவை யாவும் சரியென்று கண்ட பிறகே ஆளையும் செலவையும் தேடுவார். எளியதில் தொடங்கி அரியதில் முடிக்கும் இவ்வொழுங்கே காரின் திரைக்கும் ஏற்றது.

முதலாவது, வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் இரண்டு நொடி திரையை நோக்கினால், அதற்குள் வண்டி 33 மீட்டர் ஓடிவிடும். அவினாசிச் சாலையில் அது எத்துணை ஆபத்து என்பதை விளக்கவும் வேண்டுமோ?

இரண்டாவது, கெட்டது எதுவென்று பிரித்தறியுங்கள். கைபேசி மட்டும் இணையவில்லையெனில், வேறொரு கைபேசியை இணைத்துப் பாருங்கள். அது இணைந்தால் திரையின் மேல் குற்றமில்லை. சில கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவலைக் கடத்தா. ஆதலால் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். ப்ளூடூத் இணைப்பாயின், பழைய பதிவைக் கைபேசியிலும் வண்டியிலும் நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

மூன்றாவது, திரையின் உள்ளிருப்பது ஒரு கணினி என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வண்டியை அணைத்துப் பூட்டிச் சில நிமிடங்கள் விட்டாலே பல கோளாறுகள் தீரும். திரையை மட்டும் மீண்டும் இயக்கும் முறை வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேட்டில் அது இருக்கும். ஆயின், எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் கட்டளை வேறு. சேமித்த எண்களும் அமைப்புகளும் அதனால் மறைந்துபோகும்.

நான்காவது, பியூஸையும் பேட்டரியையும் பாருங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழ் இறங்கியிருந்தால் நோய் திரையில் இல்லாமலும் இருக்கலாம். எரிந்த பியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் உள்ளதையே போடுங்கள். கம்பியைச் சுற்றி வைப்பது தீயை அழைப்பதாகும். பேட்டரியைக் கழற்றினால் சில வானொலிப் பெட்டிகள் இரகசிய எண் கேட்கும். அதை முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்குப் பின்னும் தீராவிடில், காரணம் வண்டிக்கு வெளியேயும் இருக்கக்கூடும். 2022 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், 2014 முதல் 2017 வரை வெளிவந்த சில மாஸ்டா கார்களில் வானொலி ஒரே நிலையத்தில் சிக்கிக்கொண்டது. திரை ஓயாமல் அணைந்து எரிந்தது. வரைபடமும் கேமராவும் செயலிழந்தன. ஆராய்ந்தபோது, வானொலி நிலையம் ஒலிபரப்போடு அனுப்பிய படக் கோப்புகளின் பெயரில், கோப்பின் வகையைக் குறிக்கும் கடைசி எழுத்துகள் விடுபட்டிருந்தது தெரிந்தது. வண்டிகளின் பழைய மென்பொருள் அதைக் கையாள அறியாமல் தடுமாறிற்று. ஓட்டியவர்கள் செய்த பிழை யாதொன்றும் இல்லை.

டெஸ்லா நிறுவனமோ 2021-இல் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. திரைக்குரிய 8 ஜிகாபைட் நினைவகம், எழுதி எழுதித் தேய்ந்து போனதே காரணம். அங்கே உறுப்பை மாற்றுவதே தீர்வாயிற்று. ஆகவே, "மாற்ற வேண்டும்" என்பது எப்போதும் பொய்யன்று. காரணம் தெரிந்தபின் சொல்லப்பட்டால் அது நியாயமே.

பட்டறைக்குச் செல்லுமுன், கோளாறு எந்நாளில், எந்நேரத்தில், எதைச் செய்தபோது வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "காரணம் என்ன? மென்பொருளைப் புதுப்பித்தால் தீருமா? உத்தரவாதக் காலம் மீதமுள்ளதா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல தொழிலாளி அதற்காகச் சினங்கொள்ள மாட்டார்.

இறுதியாக ஒன்று. பாட்டு இன்றிப் பயணம் செய்யலாம். வழி தெரியாவிடில் தேநீர்க் கடையில் கேட்கலாம். ஆயின் கேமராவையே நம்பிப் பழகியவர், அது இருண்டிருக்கும் நாளில் மிகுந்த கவனத்தோடு இருத்தல் வேண்டும். வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்குமுன் இறங்கி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வண்டியின் பின்னே குந்தியிருந்து விளையாடும் குழந்தை பக்கக் கண்ணாடியில் தெரியாது.