வாரக் கணக்கு

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் போன அந்தப் பெண்ணுக்கு 27 வயது. இரண்டு பிள்ளைகளின் தாய். இளைய குழந்தை இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தது. பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராமல் இருப்பது சகஜம்தானே என்று அவர் நாள்களை எண்ணவில்லை. வயிற்றில் மூன்றாவது கரு இருப்பது ஸ்கேனில் தெரிந்தபோது, சட்டம் வகுத்த 24 வார எல்லையை அது எட்டிவிட்டிருந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுவந்த அவர், இன்னொரு பிள்ளையை வளர்க்க உடம்பிலும் மனத்திலும் கையிலும் தெம்பில்லை என்று மனுவில் சொன்னார்.

அக்டோபர் 9 அன்று இரு நீதிபதிகள் அனுமதித்தார்கள். மறுநாளே எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். கரு உயிரோடு வெளியே வரக்கூடும், இதயத் துடிப்பை நிறுத்திவிட்டு எடுப்பதா என்று வழிகாட்டல் கேட்டார். ஒன்றிய அரசு மறுபரிசீலனை கோரியது. 11ஆம் தேதி அதே நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். துடிக்கிற இதயத்தை நிறுத்தச் சொல்ல ஹிமா கோலியின் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பி.வி. நாகரத்னாவோ, அந்தப் பெண் எடுத்த முடிவை மதிக்க வேண்டும் என்றார். 16ஆம் தேதி மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. அன்றைக்குக் கருவின் வயது 26 வாரம், 5 நாள்.

அந்த மருத்துவரின் தயக்கத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. இந்த நிலையில் பிறக்கும் குழந்தை இன்குபேட்டரில் பிழைக்கலாம், வாழ்நாள் முழுக்க ஊனத்தோடு வாழவும் நேரலாம். கருவை எடுப்பது அந்த மருத்துவரின் கையால்தான் நடக்க வேண்டும். ஆனால் அந்தத் தாய் எல்லை தாண்டியது அலட்சியத்தால் அல்ல. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் கர்ப்பத்துக்கு வாரம் எண்ணுகிறார்கள். மாதவிலக்கே வராத தாய் எங்கிருந்து எண்ணத் தொடங்குவார்?

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. கருக்கலைப்பை ஆராய்ந்த சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையை அடுத்து வந்த 1971 சட்டம் அதிலிருந்து விலக்கு தந்தது. ஆனால் எப்படித் தந்தது? இன்னின்ன நிலையில் கலைத்தால் மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதுதான் அதன் வாசகம். உரிமை பெண்ணுக்கு என்று அது சொல்லவில்லை. இன்றுவரை நீளும் சிக்கலின் வேர் இந்த வாசகத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சட்டம் வைத்த எல்லை 20 வாரம். கருவின் இதயம், மூளை, முதுகெலும்பைப் பார்க்கும் ஸ்கேன் எடுப்பதோ 18இலிருந்து 20 வாரத்துக்குள். குறை தெரிந்து, இன்னொரு டாக்டரிடம் காட்டி, வீட்டில் அழுது பேசி முடிப்பதற்குள் கெடு தீர்ந்துவிடும். 2008இல் கருவின் இதயத்தில் கோளாறு என்று அறிந்து மும்பை உயர் நீதிமன்றம் போன பெண்ணுக்கு அனுமதி கிடைக்கவில்லை. சில நாள்களில் கரு தானாகவே கலைந்தது.

சட்டம் மாற அதன் பிறகு 13 ஆண்டுகள் ஆயின. 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும், அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்பத்தின்போது விதவையானவர், மணவிலக்கு பெற்றவர் போன்ற சிலருக்கு மட்டும். அதற்கு மேல், கருவில் கடும் குறை இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும். தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவைப்பட்டால் வார வரம்பு இல்லை. 2022 செப்டம்பர் 29 அன்று, திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை இதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவனின் வல்லுறவால் உண்டான கர்ப்பத்தையும், இந்தச் சட்டத்தின் அளவில், பாலியல் வன்முறையின் விளைவாகக் கொள்ள வேண்டும் என்றது. பெரிய தீர்ப்பு அது.

ஆனாலும் தாமதமாகத் தெரிந்துகொள்பவர்கள் பெரும்பாலும் யார்? நடந்ததை அம்மாவிடம் சொல்லப் பயந்த சிறுமி. பக்கத்தில் ஸ்கேன் இல்லாத ஊரில் இருப்பவர். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போகுமே என்று ஆஸ்பத்திரிக்கே போகாதவர். கரு பெண்ணென்று தெரிந்து கலைப்பவர்களைத் தடுக்கக் கடுமை வேண்டும் என்ற வாதம் நியாயமானது. அதற்கு 1994இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்தக் குற்றத்துக்கான கடிவாளத்தை இந்தச் சிறுமியின் கழுத்தில் மாட்டக் கூடாது.

2024இல் மகாராஷ்டிரத்தில் 14 வயதுச் சிறுமி, வல்லுறவால் கர்ப்பமானவள். மார்ச் 28 அன்று மருத்துவக் குழு, நீதிமன்றம் அனுமதித்தால் கலைக்கலாம் என்றது. ஏப்ரல் 3 அன்று அதே குழு, அவளை மறுபடி பரிசோதிக்காமலே, கூடாது என்றது. மறுநாள் மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 22ஆம் தேதி அனுமதித்தபோது ஏறக்குறைய 30 வாரம் ஆகியிருந்தது. இனிமேல் கலைத்தால் மகளின் உயிருக்கு என்ன ஆகுமோ என்று பெற்றோர் பயந்தார்கள். 29ஆம் தேதி அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. பிரசவச் செலவை மருத்துவமனை ஏற்க வேண்டும், குடும்பம் விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் கர்ப்பிணியின் விருப்பத்தையே முதலில் கேட்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் எழுதினார்கள்.