பத்து எண்ணுவதற்குள்

ஸ்ரீரங்கத்தில் தங்கை பிள்ளை ஒரு பாரத்தை நீட்டினான். "மாமா, ஒரு கையெழுத்து."

திருச்சியில் ஒரு மண்டபத்தில் பாக்ஸிங் போட்டி. இவனுக்கு வயது 17 என்பதால் கார்டியன் கையெழுத்து வேண்டுமாம். அப்பா மஸ்கட்டில். அம்மா, 'போட மாட்டேன்' என்று சொல்லிவிட்டு இட்லிக்கு அரைக்கப் போய்விட்டாள். பாரத்தின் கடைசி வரி: 'ஏதேனும் நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.'

"ஹெல்மெட், கிளவுஸ் எல்லாம் இருக்கு மாமா" என்றான்.

கிளவுஸ் முகத்தைக் காப்பாற்றத்தான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது முக்கியமாகக் காப்பாற்றுவது அடிக்கிறவனின் விரல் எலும்பை! வெறுங்கையால் மண்டையில் குத்தினால் கை உடையும், அதனால் யோசிப்பான். உறை மாட்டினால் யோசிக்க மாட்டான். ஹெல்மெட்டும் அப்படித்தான். தோல் கிழியாமல் தடுக்கும். முற்றிய தேங்காய்க்குள் கொப்பரை ஆடுகிற மாதிரி உள்ளே மூளை ஆடுவதைத் தடுக்காது. அது தைரியத்தைக் கூட்டுகிறது, பக்கத்துப் பார்வையை மறைக்கிறது என்றெல்லாம் சொல்லி, 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் ஆண்களுக்கு ஹெல்மெட்டையே எடுத்துவிட்டார்கள்.

பாக்ஸிங்கின் விதிகளைப் பார்த்தால் பலவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவர் விழுந்திருப்பார். மூன்று நிமிஷ ரவுண்டு, ஒரு நிமிஷ ஓய்வு, விழுந்தவன் எழுந்திருக்கப் பத்து விநாடி... இவை 1867-ல் வந்த குவீன்ஸ்பெரி விதிகள். புரொபஷனல் சாம்பியன்ஷிப் வெகுகாலம் 15 ரவுண்டு. 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் கொரியாவின் டுக் கூ கிம் 14-வது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்துபோனார். உலக பாக்ஸிங் கவுன்சில் உடனே 12 ரவுண்டாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னால் வந்தன.

அப்பாடா, பிரச்னை தீர்ந்தது என்கிறீர்களா? 1991 செப்டம்பரில் லண்டனில் மைக்கேல் வாட்ஸன், கிறிஸ் யூபாங்கோடு மோதினார். 11-வது ரவுண்டு கடைசியில் தாடையில் ஒரு குத்து. 12-வதில் ரெஃப்ரி நிறுத்திவிட்டார். விதியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாட்ஸன் சரிந்த பிறகுதான் வினை. முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் மூளை ஆபரேஷனுக்கு வசதியில்லை. அங்கிருந்து இன்னொன்றுக்கு. மூளைக்குள் ரத்தம் கட்டினால் ஒவ்வொரு நிமிஷமும் காசு. நாற்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார், ஆறு ஆபரேஷன்.

பிழைத்தவர் பிரிட்டிஷ் பாக்ஸிங் போர்டு மீது வழக்குப் போட்டார். 'மேடை ஓரத்திலேயே உயிர்காக்கும் சிகிச்சைக்கு விதி செய்திருக்க வேண்டியது உங்கள் கடமை' என்று 1999-ல் தீர்ப்பு. அப்பீலிலும் அவரே ஜெயித்தார். 2003-ல் லண்டன் மாரத்தானை ஆறு நாள் நடந்து முடித்தார். கடைசியில் கூட நடந்தவர் யூபாங்க்!

இதெல்லாம் நினைவு வர, போட்டி அமைப்பாளருக்குப் போன் செய்தேன்.

"டாக்டர் உண்டா?"

"இருக்கார் சார், போன் பண்ணா உடனே வந்துடுவார்."

"எங்கேருந்து?"

"ஸ்ரீரங்கத்துலேருந்துதான்."

சாயங்காலம் ஆறு மணிக்குக் காவிரிப் பாலத்தில் பத்து எண்ணிப் பாருங்கள். முன்னால் நிற்கிற ஆட்டோகூட நகர்ந்திருக்காது.

கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதினேன்: 'மேடை ஓரம் டாக்டர், ஆக்ஸிஜன், வாசலில் ஆம்புலன்ஸ் இருந்தால் மட்டுமே சம்மதம்.' பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மானம் போய்விட்டதாம். அமைப்பாளர் முணுமுணுத்தார். ஆனால் இன்னும் நாலு அப்பாக்கள் அதே வரியை எழுத, வேறு வழியில்லாமல் போனது.

போட்டியன்று மண்டப வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. நம்மவன் இரண்டாவது ரவுண்டிலேயே தோற்றான். மூக்கு லேசாக வீங்கியது. அழுதுவிட்டு இரண்டு மசால் தோசை சாப்பிட்டான்.

கடைசி வரை வேடிக்கை பார்த்த ஆம்புலன்ஸ் டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டே, "இன்னிக்கு வந்தது வேஸ்ட் சார்" என்றார்.

அந்த வார்த்தை அவ்வளவு இனிப்பாக என் காதில் விழுந்ததே இல்லை.