பூக்கட்டிப் பார்க்குமுன்

கும்பகோணத்தில் கணிதம் பயில விரும்பும் பேரனுக்கு உள்ளூர் அரசு கலைக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டதாகக் கொள்வோம். முன்னது 1854-இல் தோன்றியது, இராமானுஜன் பயின்றது. பின்னது 1840-இல் தோன்றியது, சர் சி.வி. இராமன் பயின்றது. எதை விடுவது?

"சாரங்கபாணி சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம்" என்கிறார் பாட்டி. உள்ளூருக்குரிய பூவே வரவேண்டும் என அவர் உள்ளம் வேண்டுகிறது. பேரனைப் பிரிய மனமில்லை. அன்பில் பிழையில்லை. ஆயினும், நம் விருப்பத்தையே பெருமாளின் திருவுளமென்று பிள்ளையிடம் கூறுதல் முறையாகுமா?

முதலில் பாடம், விடுதி, செலவு ஆகியவற்றை அமர்ந்து பேசுதல் வேண்டும். பிள்ளை தன் மனத்தைத் திறந்து சொல்லட்டும். கல்லூரியின் புகழ் மட்டுமே ஒருவரைக் கரைசேர்ப்பதில்லை. பிற பாடங்களில் தேறாமல் இராமானுஜன் உதவித்தொகையை இழந்ததும் அந்தக் கும்பகோணம் கல்லூரியில்தான்.

அதன் பின்னும் இரண்டும் சமமாக நின்றால் பூக்கட்டலாம். எந்தப் பூ வந்தாலும் கண்கலங்காமல் வாழ்த்தி அனுப்பும் உறுதியோடு சந்நிதிக்குச் செல்வதே பெரியோர்க்கு அழகு.