சுவிட்சில் கை வைப்பதற்கு முன்

குமாரபாளையத்தில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா ஆறு தறி ஓட்டினார். ஒன்று நின்றால் நான்தான் முதலில் ஓடுவேன், சுவிட்சைத் தட்ட. "இரு சாமி, ஊடை போச்சா, தார் தீந்துச்சா? பாத்துட்டுத் தொடு" என்பார். ஊடை, அதாவது குறுக்கிழை, அறுந்தாலோ அது சுற்றிய தார் தீர்ந்தாலோ தறி தானே நின்றுவிடும். நெட்டிழைகளான பாவில் ஓரிழை அறுந்தால் எங்கள் சாதாத் தறி நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் கோடு விழும். அதனால் நிற்கிற தறியைவிட ஓடுகிற தறியைத்தான் அப்பா அதிகம் குனிந்து பார்ப்பார்.

இப்போது நான் இங்கேயே ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு மூன்றாமாண்டுப் பையன் வந்தான். "சார், சர்வர் ஹேங் ஆயிருச்சுங்க, ரீஸ்டார்ட் பண்ணிரட்டுங்களா?" கை பவர் பட்டனுக்கே போய்விட்டது.

"இரு கண்ணு" என்று உட்கார்ந்து, கறுப்புத் திரையில் பி.எஸ். கட்டளையைக் கொடுத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமும், அதாவது புராசஸும், வரிசையாக வந்தது: யார் ஓட்டியது, அதன் எண் என்ன, அதைப் பெற்ற புராசஸின் எண் என்ன, எப்போது தொடங்கியது. ஒரே பெயரில் பதினொரு வரி இருந்தது. எல்லாம் வெள்ளிக்கிழமை தொடங்கியவை, எல்லாம் அவன் பெயரில்.

"அன்னைக்கே விண்டோவை மூடிட்டனுங்களே சார்!"

மூடியிருக்கிறான். ஆனால் எங்கிருந்தோ பார்த்து, கட்டளைக்கு முன்னால் 'நோஹப்' சேர்த்திருக்கிறான். விண்டோவை மூடினாலும் நிற்காதே என்று அதற்குப் பொருள். விடை திரைக்கு வராமல் ஒரு கோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லையே என்று பதினொரு தடவை ஓட்டிவிட்டான். அவற்றைப் பெற்ற ஷெல், அதாவது அந்த விண்டோவில் கட்டளை வாங்கும் புரோகிராம், மூடியதும், அநாதையான அத்தனையையும் 1ஆம் எண் புராசஸ் தத்தெடுத்துக்கொண்டது. பெற்றவர் எண் என்ற இடத்தில் வரிக்கு வரி 1 என்றே இருந்தது. அவனே விரல் வைத்துப் படித்தான்.

உடனே 'கில் 9' அடிக்கப் போனான். அதையும் தடுத்தேன். 9 என்பது எதுவும் கேட்காமல் கழுத்தை நெரிப்பது. 15 என்பது, கையிலிருப்பதை முடித்துக் கோப்பை மூடிவிட்டுக் கிளம்பு என்று சொல்வது. முதலில் 15. கேட்கவில்லை என்றால்தான் 9. பதினொன்றும் 15-க்கே அடங்கின. அதே சர்வரில் வேறு பிள்ளைகளின் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கியிருந்தால் அவர்கள் வேலையும் பாதியில் அறுந்திருக்கும்.

இதில் அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் என்ன செய்கிறோம்? ரவுண்ட் ராபின், எஃப்.சி.எஃப்.எஸ். என்று புராசஸ்களுக்கு முறை வைக்கும் வழிகளைச் சி புரோகிராமாக எழுதவைக்கிறோம். பி1, பி2, பி3 என்று கற்பனைப் புராசஸ்களுக்குச் சராசரிக் காத்திருப்பு நேரம் கணக்குப் போடுகிறார்கள். ரெக்கார்டு நோட்டில் கட்டம் கட்டமாக வரைகிறார்கள். உட்கார்ந்திருக்கும் இயந்திரத்தில் அந்த நிமிடம் நிஜமாக ஓடும் இருநூறு முந்நூறு புராசஸை ஒரு தடவை எட்டிப் பார்த்தவர் வகுப்புக்கு நாலு பேர் தேறினால் அதிகம். குழந்தைப் புராசஸைப் பெறும் ஃபோர்க், அது முடியக் காத்திருக்கும் வெயிட் எல்லாம் மனப்பாடம். ஆனால் 'வெயிட்' எழுத மறந்தால் குழந்தைப் புராசஸ் செத்தும் பட்டியலில் 'இசட்' என்ற எழுத்தோடு கிடக்கும் என்பதைக் கண்ணால் கண்டதில்லை. கண்டால் பிறகு மறக்கவே மறக்காது.

இப்படிக் கண்ணால் காணப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பி.எஸ். 1970களின் யூனிக்ஸ் காலத்துக் கட்டளை. அதே பட்டியலை ஓட ஓடக் காட்டும் 'டாப்' 1984-இல் வந்தது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, இந்தக் கட்டளைகள் உள்ள பாஸ் லினக்ஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கியது. பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் போகவே இல்லை; போகும்படி நாமும் சொல்லவில்லை. இதையெல்லாம் தமிழில் படிக்க 2012 முதல் 'கணியம்' இணைய இதழ் இருக்கிறது.

லேப் நடத்தும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த செமஸ்டரில் பி1, பி2, பி3-க்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தன் இயந்திரத்தில் ஓடும் பத்துப் புராசஸின் எண், பெற்றவர் எண், நிலை, அது எதற்காக ஓடுகிறது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ரெக்கார்டின் முதல் பக்கத்தில் எழுதட்டும். வைவாவிலும் அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.